‘தார்திவ்மான்’ என்றால் வெறும் லேட் இல்லை

கேள்வி இதுதான். பிரான்சில் உள்ள ஒரு கல்வி நிறுவனத்துக்கு விண்ணப்பம் அனுப்பியிருந்த ஒருவருக்கு அங்கிருந்து கடிதம் வந்திருக்கிறது. அதில் ஒரு வரி: “வோத்ர் தொசியே நூஸ் ஏ பார்வெனு தார்திவ்மான்.” உங்கள் விண்ணப்பக் கோப்பு எங்களுக்குத் தாமதமாக வந்து சேர்ந்தது என்று அகராதியைப் பார்த்துப் புரிந்துகொண்டிருக்கிறார். ஆனால் பிரெஞ்சு வகுப்பில் தாமதத்துக்கு ‘தார்’ என்றும் ‘ஆன் ரெத்தார்’ என்றும்தான் படித்தாராம். இந்த மூன்றாவது சொல் எதற்கு? மற்ற இரண்டிலிருந்து எப்படி வேறுபடுகிறது? இது வந்துவிட்டால் விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள் என்று அர்த்தமா?

கடைசிக் கேள்விதான் அவரைத் தூங்கவிடாமல் செய்திருக்கும். அதனால் அதற்கு முதலில் பதில்: இல்லை, அந்த ஒரு சொல்லால் எதுவும் நிராகரிக்கப்படவில்லை. ‘வரவேண்டிய காலம் தாண்டி வந்தது’ என்று அவர்கள் பதிவு செய்கிறார்கள், அவ்வளவுதான். முடிவு அடுத்த வாக்கியத்தில் இருக்கும். அதை எப்படிப் படிப்பது என்று கடைசியில் சொல்கிறேன். சொல்லின் குணம் பிடிபட்டால் அந்த அடுத்த வாக்கியம் தானாகவே விளங்கும் என்பதால், முதலில் சொல்லுக்கு வருகிறேன்.

உச்சரிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தார்-திவ்-மான், மூன்றே அசை. ‘திவ்’வுக்கும் ‘மான்’னுக்கும் நடுவில் எழுத்தில் ஒரு உயிர் உண்டு, பேச்சில் விழுங்கிவிடுவார்கள். கடைசி ‘ன்’ முழு ஒலி இல்லை. நாக்கு மேலே தொடாமல் மூச்சு மூக்கு வழியாகப் போனால் போதும். ஆங்கிலப் பழக்கத்தில் ‘டார்டிவ்’ என்று சொல்லிவிடாதீர்கள். பிரெஞ்சுக்காரர்களின் அந்த ஒலி பல்லில் நாக்கு படுவது, நம் ‘த’ மாதிரி. தமிழ் வாய்க்கு அது மிக எளிது. ஆங்கிலம் வழியாகப் போகாமல் நேராகப் போனால் நமக்கு அந்த வசதி கிடைக்கிறது. முதல் ‘தா’ வல்லோசை, இரண்டாவது ‘தி’ ‘பந்தி’யில் வருவதுபோல மெல்ல வரும்.

இப்போது மூன்று சொற்களும்.

நண்பர் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். கடிகாரம் பதினொன்றரை காட்டுகிறது. எழுந்து “இல் ஏ தார்” என்கிறீர்கள். தமிழில் இதற்கு ஒரு சொல்லே போதும்: நேரமாகிவிட்டது. யாரும் யாரையும் காக்க வைக்கவில்லை, யார் மீதும் தப்பில்லை. பொழுது நீண்டுவிட்டது. ‘தார்’ பார்ப்பது பொழுதை, கடிகாரத்தை.

மறுநாள் காலை எட்டரைக்கு வகுப்பு. எட்டே முக்காலுக்கு ஓடி வருகிறீர்கள். “ஜெ சுயிஸ் ஆன் ரெத்தார்.” நான் லேட். காலை எட்டே முக்காலை உலகத்தில் எவரும் ‘நேரமாகிவிட்ட பொழுது’ என்று சொல்லமாட்டார்கள், ஆனாலும் நீங்கள் லேட்தான். ஏனென்றால் குறித்த நேரம் ஒன்று இருந்தது, அது தப்பிவிட்டது. ‘ஆன் ரெத்தார்’ பார்ப்பது அட்டவணையை. பிரெஞ்சு ரயில் நிலைய அறிவிப்பில் எப்போதும் இந்த ‘ரெத்தார்’தான் கேட்கும்: பத்து நிமிட ரெத்தாருடன் வருகிறது என்பார்கள். தாமதத்தை நிமிடக் கணக்கில் அளந்து சொல்ல வேண்டுமானால் இந்தச் சொல்தான் உதவும்.

‘தார்திவ்மான்’ கடிகாரத்தையும் பார்ப்பதில்லை, அட்டவணையையும் பார்ப்பதில்லை. ஒரு காரியத்துக்கென்று இயல்பான ஒரு காலம் உண்டு என்று அது எடுத்துக்கொள்கிறது. பயிருக்குப் பட்டம் இருப்பதுபோல. அந்தக் காலத்தோடு ஒப்பிட்டு, பிந்தி நடந்தது என்கிறது. ‘பட்டம் தப்பினால் நட்டம்’ என்று நம் ஊரில் சொல்கிறோமே, அந்தப் ‘பட்டம் தப்பி’ என்பதற்கு மிக அருகில் இருக்கிறது இந்தச் சொல். குறித்த தேதி ஒன்று இருந்தாக வேண்டும் என்பதில்லை. நடந்திருக்க வேண்டிய பருவம் ஒன்று இருந்தால் போதும்.

இதை விளங்கிக்கொள்ள எனக்குத் தெரிந்த நல்ல வழி, பிரெஞ்சு விவசாயிகள் பேசும் ‘ஜெலே தார்தீவ்’. ‘தார்தீவ்’ என்பது நம் சொல்லின் பெயரடை வடிவம். ‘ஜெலே’ என்றால் உறைபனி. 2021 ஏப்ரல் முதல் வாரத்தின் இறுதியில் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களிலும் பழத்தோட்டங்களிலும் கடுமையான உறைபனி இறங்கியது. மார்ச் கடைசியில் வெயில் நன்றாக அடித்ததால் கொடிகள் அவசரப்பட்டுத் துளிர்விட்டிருந்தன. துளிர்கள் ஒரே இரவில் கருகின. விவசாயிகள் தோட்டத்துக்குள் வரிசை வரிசையாக நெருப்பு மூட்டி இரவெல்லாம் காவல் இருந்தார்கள். ஏப்ரல் 7 என்பது வருடத்தின் தொடக்கம்தானே, அதில் என்ன தாமதம் என்று தோன்றும். பனி குளிர்காலத்தோடு போயிருக்க வேண்டும், துளிர் வந்த பிறகு வந்தது, அதனால் அது ‘தார்தீவ்’. மே மாதம் 11, 12, 13 தேதிகளுக்குரிய மூன்று புனிதர்களை ‘பனிப் புனிதர்கள்’ என்று அங்கே கிராமத்தில் சொல்வார்கள். அந்த மூன்று நாள் கழியும்வரை மென்மையான செடிகளை வெளியில் நடக்கூடாது என்பது பழைய கணக்கு. இப்படிப்பட்ட பருவக் கணக்குக்குள் பிறந்து வளர்ந்த சொல்லாகத்தான் நான் இதைப் பார்க்கிறேன்.

பருவம் பிந்துவது எப்போதும் கெடுதல் என்றும் நினைத்துவிட வேண்டாம். அதே உறைபனிக்குப் பயந்து சில திராட்சை விவசாயிகள் கொடியை வேண்டுமென்றே பிந்திக் கவாத்து செய்கிறார்கள். பிந்தி வெட்டினால் துளிர் பிந்தி வரும், பனியிலிருந்து தப்பும். ‘தையே தார்திவ்மான்’ என்று அதைச் சொல்லும்போது அந்தச் சொல்லில் குறை இல்லை, அனுபவ அறிவு இருக்கிறது. அல்சாஸ் பகுதியில் இன்னும் ஒரு படி மேலே. அங்கே பழத்தைக் கொடியிலேயே விட்டு, அது மிகையாகக் கனிந்து இனிப்பு திரண்ட பிறகு பறித்துச் செய்யும் வைனுக்குப் பெயரே ‘வான்தான்ஜ் தார்தீவ்’, பிந்திய அறுவடை. 1984 மார்ச் 1ஆம் தேதி ஆணை ஒன்று இந்தப் பெயரை யார், எந்த நிபந்தனைகளுடன் புட்டியில் போடலாம் என்று வரையறுத்தது. ரீஸ்லிங், கெவுர்ஸ்த்ராமினேர், பினோ கிரி, முஸ்கா ஆகிய நான்கு திராட்சை வகைகளுக்கு மட்டும்தான் அந்த உரிமை. இங்கே ‘தார்தீவ்’ என்பது விலையை ஏற்றும் சொல்.

ஆக, சொல் தானாகக் குற்றம் சாட்டுவதில்லை. காலம் பிந்தியது என்று மட்டும் சொல்கிறது. அது நல்லதா கெட்டதா என்பதைக் காரியம்தான் தீர்மானிக்கும். பனி என்றால் நாசம், அறுவடை என்றால் சுவை.

ஆனால் மனிதர்கள், அரசுகள், நிறுவனங்கள் செய்யும் செயலோடு இது சேரும்போது நிலைமை மாறுகிறது. அங்கே ‘செய்திருக்க வேண்டிய காலம்’ என்ற எண்ணமே ஒரு தீர்ப்பு. குரல் உயர்த்தாத தீர்ப்பு. பிரெஞ்சு வரலாற்று நூல்களிலும் நாளிதழ்களிலும் இந்தச் சொல் அடிக்கடி கண்ணில் படுவது இதனால்தான்.

பெண்களின் வாக்குரிமையை எடுத்துக்கொள்ளுங்கள். நியூசிலாந்து 1893இல் கொடுத்தது, ஃபின்லாந்து 1906இல். இலங்கையில் 1931இலேயே ஆண் பெண் இருபாலருக்கும் வாக்குரிமை வந்துவிட்டது. மனித உரிமைகளைப் பிரகடனம் செய்த பிரான்சில் 1944 ஏப்ரல் 21ஆம் தேதி ஆணையால்தான் வந்தது. 1945 ஏப்ரல் 29 உள்ளாட்சித் தேர்தலில்தான் பெண்கள் முதன்முதலாக வாக்களித்தார்கள். இதைப் பற்றி எழுதும் ஒரு பிரெஞ்சு ஆசிரியர் ‘தார்’ என்று போடமாட்டார், ‘ஆன் ரெத்தார்’ என்றும் போடமாட்டார். “பிரான்ஸ் பெண்களுக்குத் தார்திவ்மான் வாக்குரிமை அளித்தது” என்பார். எந்தத் தேதியும் முன்கூட்டிக் குறித்திருக்கவில்லை. இருந்தும் அளித்திருக்க வேண்டிய காலம் எப்போதோ வந்து போயிருந்தது.

பிரெஞ்சு மொழிக்கே காவலாக இருக்கும் அகாதெமி பிரான்சேஸ் 1635இல் நிறுவப்பட்டது. அதன் நாற்பது இருக்கைகளில் ஒன்றுக்கு முதல் பெண்ணாக மார்கெரித் யுர்செனார் தேர்வானது 1980 மார்ச் 6ஆம் தேதி. முந்நூற்று நாற்பத்தைந்து ஆண்டு. தொழில்களுக்கும் பதவிகளுக்கும் பெண்பால் பெயர் வைத்துக்கொள்வதை அதே அகாதெமி ஒத்துக்கொண்டது 2019 பிப்ரவரியில். இந்த இரண்டு செய்திகளுக்கும் பொருந்தும் வினையடை எது என்று கேட்டால், அந்த அகாதெமியின் அகராதியிலேயே அது இருக்கிறது.

இன்னும் கனமான இடமும் உண்டு. 1942 ஜூலை 16, 17 தேதிகளில் பாரிஸிலும் அதைச் சுற்றியும் ஏறத்தாழ 13,000 யூதர்களைப் பிரெஞ்சுக் காவல்துறையே பிடித்தது. பிடித்தவர்களில் குழந்தைகளோடு இருந்த குடும்பங்களை ‘வேல் திவ்’ என்ற சைக்கிள் பந்தய அரங்கில் அடைத்துவைத்தது. அது பிரெஞ்சு அரசின் பொறுப்பு என்பதை நாட்டின் தலைவர் ஒருவர் வெளிப்படையாக ஏற்றுக்கொள்ள 1995 ஜூலை 16 வரை ஆயிற்று. ஏற்றவர் ஜாக் ஷிராக். ஐம்பத்து மூன்று ஆண்டு. “லா ஃப்ரான்ஸ் ஆ தார்திவ்மான் ரெகொனு சா ரெஸ்போன்சபிலிதே”, பிரான்ஸ் தன் பொறுப்பைக் காலந்தாழ்ந்து ஏற்றது. இந்த வாக்கியத்தில் அந்த ஒரு சொல்லை எடுத்துப் பாருங்கள். வாக்கியம் ஒரு பாராட்டாக மாறிவிடும். சொல்லைத் திரும்பப் போட்டால், ஏற்காமல் கழிந்த ஐம்பத்து மூன்று ஆண்டுகளும் அதற்குள் வந்துவிடும்.

புதுச்சேரிக்காரர்களுக்கு நான் வகுப்பில் சொல்லும் உதாரணம் வேறு. 1954 நவம்பர் 1இல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. ஒப்படைப்பு ஒப்பந்தம் 1956 மே 28இல் கையெழுத்தானது. ஆனால் பிரெஞ்சு நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தந்தது 1962இல், அல்ஜீரியா விவகாரம் முடிவுக்கு வந்த சமயத்தில். அந்த ஆண்டு ஆகஸ்ட் 16ஆம் தேதிதான் சட்டப்படியான இணைப்பு நிறைவேறியது. ஆறு வருடம் ஒப்பந்தம் தாளில் கிடந்தது. ‘ராதிஃபியே தார்திவ்மான்’, பிந்தி ஒப்புதல் பெற்றது என்று சொன்னால் மாணவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். அவர்களில் சிலருடைய தாத்தா பாட்டி, எந்த நாட்டுக் குடியுரிமை என்று முடிவு செய்ய அந்த ஆகஸ்டிலிருந்து ஆறு மாத அவகாசம் பெற்றவர்கள்.

சரி, சொல் எப்படிக் கட்டப்பட்டது என்று பார்ப்போம். ‘தார்திஃப்’ என்பது ஆண்பால் பெயரடை. அதன் பெண்பால் ‘தார்தீவ்’. பெண்பால் வடிவத்தோடு ‘மான்’ சேர்ந்தால் வினையடை. ‘விஃப்’ என்பது ‘வீவ்’ ஆகி ‘விவ்மான்’ ஆவதும், ‘அக்திஃப்’ என்பது ‘அக்தீவ்’ ஆகி ‘அக்திவ்மான்’ ஆவதும் இதே வழிதான். ஏன் பெண்பால் என்று நிறைய பேர் கேட்பார்கள். இந்த ‘மான்’ ஒரு காலத்தில் தனிச்சொல். லத்தீனில் ‘மென்ஸ்’ என்றால் மனம், அது பெண்பாற் சொல். ‘மென்தே’ என்றால் மனத்தோடு. ‘தெளிந்த மனத்தோடு செய்தான்’ என்பது காலப்போக்கில் ‘தெளிவாகச் செய்தான்’ என்று தேய்ந்தது. மனம் என்ற பொருள் போய்விட்டது, அதோடு பொருந்துவதற்காகப் பெண்பாலில் நின்ற பெயரடை மட்டும் இன்னும் அப்படியே நிற்கிறது. ஸ்பானிய மொழியில் இரண்டு வினையடைகள் அடுத்தடுத்து வந்தால் முதலாவதில் இந்த ஒட்டைப் போடாமல் கடைசியில் ஒரு தரம் மட்டும் போடுவார்கள். தனிச்சொல்லாக இருந்த காலத்தின் தடம் அது.

வேர்ச்சொல் லத்தீன் ‘தார்துஸ்’. அதன் முதற்பொருள் தாமதம் இல்லை, மெதுவானது என்பதுதான். பழைய பிரெஞ்சிலும் ‘தார்திஃப்’ என்றால் மந்தமானது. இடைக்காலத்து ‘ரெனார்’ என்ற நரிக் கதைத் தொகுதியில் நத்தைக்குப் பெயர் தார்திஃப். பிந்தி வரும் நத்தை என்பதல்ல, மெல்ல ஊரும் நத்தை. நீர்க்கரடி என்று நாம் சொல்லும் நுண்ணுயிர்க்கு 1776இல் ஸ்பல்லன்சானி ‘தார்திகிராத’ வகைப் பெயரை வைத்ததும் இதே வேரிலிருந்து, மெதுவாக நடப்பது என்ற பொருளில். மெதுவாகப் போகிறவர் கடைசியில் பிந்தித்தான் வருவார். பொருள் இப்படி நகர்ந்திருக்கிறது. ஸ்பானியத்தில் ‘தார்தே’ என்பது நாளின் பிந்திய பகுதியான பிற்பகலுக்கே பெயராகிவிட்டது. தமிழிலும் இதற்கு ஒரு சாயல் உண்டு. ‘தாமத குணம்’ என்றால் மந்தம், சோம்பல். ‘தாமதம்’ என்றால் காலம் பிந்துவது. வேர் வேறு, போன பாதை ஒன்று.

மருத்துவம் படித்தவர்கள் ‘டார்டிவ் டிஸ்கினீசியா’ என்ற பெயரைக் கேட்டிருப்பார்கள். மனநோய்க்கான சில மருந்துகளை நீண்ட காலம் எடுத்துக்கொண்டபின் வாயும் நாக்கும் தன்னையறியாமல் அசையத் தொடங்கும் நிலை. பக்கவிளைவு உடனே வராமல் மாதங்களோ வருடங்களோ கழித்து வருவதால் ‘தார்தீவ்’. ஆங்கில மருத்துவம் அந்தப் பிரெஞ்சுப் பெண்பால் வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறது. இங்கேயும் கடிகாரம் இல்லை, போக்கில் பிந்தி வருவதுதான் விஷயம்.

இனி நடைமுறை. ‘தார்’ என்று சின்னதாக ஒரு சொல் இருக்கும்போது நீளமானதை ஏன் பயன்படுத்த வேண்டும்? மரியாதைக்காக மட்டும் என்று பல பாடப்புத்தகங்கள் நிறுத்திக்கொள்கின்றன. அது பாதி உண்மை. மீதிப் பாதி இலக்கணம், அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

‘தார்’ வாக்கியத்தில் இடம் மாறத் தெரியாத சொல். வினைக்குப் பின்னால்தான் வசதியாக உட்காரும். இறந்தகாலத்தில் துணைவினைக்கும் வினையெச்சத்துக்கும் நடுவில் அதைச் செருக முடியாது. ‘தார்திவ்மான்’ அங்கே தாராளமாக உட்காரும். ‘ஆ தார்திவ்மான் ரெகொனு’ என்று மேலே சொன்னதைப் பாருங்கள், நடுவில்தான் இருக்கிறது. பெயருக்கு அடையாக வரும் எச்சத்துக்கு முன்னாலும் வரும்: காலந்தாழ்ந்து கண்டறியப்பட்ட நோய், காலந்தாழ்ந்து வெளியான அறிக்கை. வாக்கியத்தின் தலையில் தனியாகவும் நிற்கும். எழுத்து மொழிக்கு இந்த மூன்று இடங்களும் தேவை.

அப்புறம் ‘ப்ளு’ என்ற ‘மேலும்’ பொருள் தரும் சொல் சேரும்போது வரும் வித்தியாசம். ‘ப்ளு தார்’ என்றால் பெரும்பாலும் ‘பிறகு’, ‘அப்புறம்’ என்று அர்த்தம். “ப்ளு தார் பேசிக்கொள்வோம்.” அதில் தாமதம் என்ற எண்ணமே இல்லை. முன்பைவிடப் பிந்தி என்று ஒப்பிட்டுச் சொல்லும்போது குழப்பம் வராமல் இருக்க ‘ப்ளு தார்திவ்மான்’ கைகொடுக்கிறது. பிரான்சில் பெண்கள் பிள்ளை பெறும் சராசரி வயது 1970களின் நடுவில் 27க்கும் குறைவாக இருந்தது, இப்போது 31ஐ ஒட்டி இருக்கிறது. அந்தப் போக்கைச் சொல்லும் மக்கள்தொகை அறிக்கைகளில் ‘மேலும் மேலும் தார்திவ்மான்’ என்ற தொடரைப் பார்க்கலாம். ‘ப்ளு தார்’ போட்டிருந்தால் சில வாக்கியங்களில் ‘பிறகு பெற்றுக்கொள்கிறார்கள்’ என்று வேறு அர்த்தம் கிளம்பிவிடும்.

‘த்ரோ தார்’ என்றால் கை நழுவிப் போய்விட்டது, இனிப் பயனில்லை. ‘த்ரோ தார்திவ்மான்’ என்றால் அளவுக்கு மீறிப் பிந்திவிட்டார்கள் என்ற குறை. முதலாவது கதவை மூடுகிறது, இரண்டாவது மூடியிருக்கிறதா என்று சொல்வதில்லை.

வாழ்க்கையில் பிந்தி ஒன்றைத் தொடங்குவதற்கு ‘சுர் லெ தார்’ என்று அழகான ஒரு தொடர் உண்டு. ஓவியர் ஆன்ரி ரூசோ பாரிஸ் நகரச் சுங்கச்சாவடி வேலையிலிருந்து 1893இல், தன் நாற்பத்தொன்பதாம் வயதில் விலகி முழுநேரமும் ஓவியம் தீட்டத் தொடங்கினார். அவர் ஓவியத்துக்கு ‘சுர் லெ தார்’ வந்தவர் என்றால் பேச்சில் ஒரு பரிவு இருக்கும். ‘தார்திவ்மான்’ வந்தவர் என்றால் வாழ்க்கைக் குறிப்பு எழுதுவதுபோல இருக்கும். வினைச்சொல் ‘தார்தே’யும் ஞாபகத்தில் இருக்கட்டும். “இல் நெ வா பா தார்தே” என்றால் இதோ வந்துவிடுவார். “இல் மெ தார்த் தெ தெ வுவார்” என்றால் உன்னைப் பார்க்கும் வரை எனக்குப் பொழுது நகரவில்லை. தாமதத்தின் வேரிலிருந்தே ஏக்கத்துக்கும் ஒரு சொல் எடுத்திருக்கிறார்கள். பிரெஞ்சில் எனக்கு மிகவும் பிடித்த தொடர்களில் இது ஒன்று.

தவறுகள் எங்கே வருகின்றன? ஆங்கிலம் வழியாகப் படித்தவர்கள் இதை ‘லேட்லி’ என்று எடுத்துக்கொள்வது முதல் தவறு. அந்தப் பொருளுக்கு, அதாவது சமீபத்தில் என்பதற்கு, பிரெஞ்சில் ‘ரெசமான்’, ‘தெர்னியேர்மான்’ என்று வேறு சொற்கள் உண்டு. அடுத்தது, “நான் தார்திவ்மான் இருக்கிறேன்” என்று எழுதுவது. வினையடை அப்படித் தனியாகப் பயனிலை ஆகாது. அந்த இடத்தில் ‘ஆன் ரெத்தார்’தான் வரும். மூன்றாவது, நண்பருக்கு அனுப்பும் குறுஞ்செய்தியில் “நேற்று தார்திவ்மான் தூங்கினேன்” என்பது. இலக்கணப் பிழை இல்லை, ஆனால் காவல் நிலைய அறிக்கை மாதிரி விறைப்பாக இருக்கும். அங்கே ‘தார்’ போதும்.

தமிழில் எப்படிக் கொண்டுவருவது என்றும் கேட்பார்கள். ஒரே சொல்லை எல்லா இடத்திலும் போடாமல் இருப்பது நல்லது. அரசு, நிறுவனம், வரலாறு என்றால் ‘காலந்தாழ்ந்து’. சலிப்போடு சொல்லப்பட்டிருந்தால் ‘காலங்கடந்து’. விவசாயம் என்றால் ‘பருவம் பிந்தி’. நோய், வளர்ச்சி போன்றவற்றுக்கு ‘பிந்திய நிலையில்’. இலங்கைத் தமிழில் ‘பிந்தி’ என்பது அன்றாடப் பேச்சிலேயே இருப்பதால் அவர்களுக்கு இது இன்னும் எளிது. வெறும் ‘தாமதமாக’ என்று போட்டால் தவறில்லை, ஆனால் ‘ஆன் ரெத்தார்’ வரும் இடத்தையும் அதுவே நிரப்பிவிடுவதால் வித்தியாசம் கரைந்துவிடுகிறது.

சட்டத்திலும் நிர்வாகத்திலும் இதன் குடும்பத்துக்குப் பல் உண்டு. பிரெஞ்சு நிர்வாக நீதிமன்றத்தில் ஒரு முடிவை எதிர்த்து வழக்குப் போடப் பொதுவாக இரண்டு மாத அவகாசம். அதைத் தாண்டி வந்த மனு ‘தார்தீவ்’, அதைக் காலவரம்பு தவறியதென்று விசாரிக்காமலே தள்ளிவிடலாம். அந்தக் குறைக்கு ‘தார்திவ்தே’ என்று தனிப் பெயர்ச்சொல்லே உண்டு. பிறந்த குழந்தையைப் பிரான்சில் ஐந்து நாளுக்குள் பதிவு செய்யாவிட்டால் அப்புறம் நீதிமன்றத் தீர்ப்பு வாங்கித்தான் பதிய முடியும். எனவே ஒரு அலுவலகக் கடிதத்தில் இந்தச் சொல் வரும்போது கவனமாகப் படிப்பது சரியான எச்சரிக்கைதான்.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருவோம். கெடு முடிந்துவிட்டது என்று அறுதியாகச் சொல்ல நினைத்திருந்தால் பெரும்பாலும் ‘ஓர் தெலே’, அதாவது கெடுவுக்கு வெளியே, என்று எழுதியிருப்பார்கள். ‘பார்வெனு தார்திவ்மான்’ என்பது அதைவிட மென்மையானது. அடுத்த வாக்கியம் ‘துத்ஃபுவா’ அல்லது ‘நேயான்முவான்’ என்று தொடங்கினால், அதாவது ‘இருப்பினும்’ என்று வந்தால், கோப்பை எடுத்துக்கொண்டார்கள் என்று நம்பலாம். ‘பார் கோன்செகான்’, ‘ஆகவே’ என்று தொடங்கினாலோ, ‘தொனே சுயித்’ என்ற தொடருக்கு முன்னால் எதிர்மறை வந்தாலோ, அது மறுப்பு. இரண்டும் இல்லாமல் வேறு ஒரு சான்றிதழையோ தேதியையோ கேட்டிருந்தால், உங்கள் கோப்பு இன்னும் மேசைமேல் இருக்கிறது.

பதில் எழுதும்போது ‘தார்திவ்மான்’ என்ற சொல்லை அவர்கள்மீது திருப்பிப் போடாதீர்கள். நிறுவனத்தைப் பார்த்து ‘நீங்கள் தார்திவ்மான் தெரிவித்தீர்கள்’ என்பது குறை சொல்வதாகவே கேட்கும். உங்கள் தாமதத்துக்குப் பெயரடையைப் பயன்படுத்துங்கள், பெயர்ச்சொல்லோடு சேர்த்து: “வெயே எக்ஸ்க்யுசே லான்வுவா தார்திஃப் தெ மோன் தொசியே”, என் கோப்பைப் பிந்தி அனுப்பியதற்கு மன்னிக்கவும். காரணம் இருந்தால் ஒரே வரியில் சொல்லுங்கள். கேட்ட தாள்களை அதே நாளில் இணைத்து அனுப்புங்கள்.